ஒரே பந்தலில் இரண்டு தாலி

குணலட்சுமி ஒல்லாந்துக்குப் படிக்கப் போனது ஒரு வருஷத்துக்குத்தான். திரும்பி வந்தது ஆறு வருஷம் கழித்து. இடையில் நடந்ததற்கெல்லாம் சண்டையைக் காரணம் காட்டலாம். அவளும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தாள். நாட்டில் நடந்த சண்டையின் தலையில் எத்தனையோ பேர் எத்தனையோ சுமையை ஏற்றிவிட்டார்கள். அவளுடையதும் அதில் ஒன்று.

எண்பத்துநாலில் அவள் யாழ்ப்பாணக் கம்பஸில் வணிகம் படித்துக்கொண்டிருந்தாள். மானிப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். தகப்பன் இல்லை. தாயையும் பார்த்துக்கொண்டு, வெங்காயமும் மிளகாயும் போட்டு, அவளைப் படிப்பித்தது அண்ணன் சண்முகநாதன். அந்த வருஷம் றொட்டர்டாமில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், சர்வதேச வணிகம் படிக்க இங்கிருந்து ஒரு மாணவரை ஒரு வருஷத்துக்கு எடுப்பதாக அறிவித்தது. செலவெல்லாம் அவர்கள் பொறுப்பு. வருஷம் முடிந்ததும் திரும்பி வந்து மிச்சத்தை இங்கே படித்துப் பட்டம் வாங்க வேண்டும். குணலட்சுமிக்கு இடம் கிடைத்தது.

கலியாணமாகாத பெட்டையைத் தனியாக அனுப்புவதா என்று ஊர் வாயைத் திறப்பதற்கு முன்பே முத்துக்குமாரு வந்து சேர்ந்தார். நெல்லியடிக்காரர். யோசனையில் தன்னை வெல்ல வடமராட்சியில் ஆளில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பத்மாவதிக்கு முப்பத்துநாலு வயதாகியும் செவ்வாய் தோஷத்தால் ஒன்றும் பொருந்தவில்லை. சண்முகநாதனுக்கும் அதே செவ்வாய், அதே காத்திருப்பு. இளையவன் தவபாலன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் பக்கத்தில் மாற்றுச் சம்பந்தம் என்று ஒன்று உண்டு. என் மகள் உனக்கு, உன் தங்கை என் மகனுக்கு. இரண்டு வீட்டிலும் பெண் போகிறது, பெண் வருகிறது. சீதனப் பேச்சே எழாது. முத்துக்குமாரு கேட்டது அதைத்தான்.

ஆனால் தாலி கட்டிய கையோடு மருமகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

“எழுத்தை இப்ப முடிப்பம். தாலி, பிள்ளை படிச்சிட்டு வந்தாப் பிறகு. ரண்டு தாலியும் ஒரே பந்தலிலை, ஒரே முகூர்த்தத்திலை. ஒண்டு முந்தி, ஒண்டு பிந்தி எண்ட கதை வேண்டாம்,” என்றார்.

எழுத்து என்றால் கலியாணப் பதிவு. பதிவாளர் வீட்டுக்கு வருவார், கையெழுத்து வாங்குவார், பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார். அன்றோடு சட்டப்படி புருசன் பெண்சாதி. ஆனால் தாலி ஏறும்வரை ஊருக்கு அவர்கள் பிறத்தியார்தான். ஒரு கூரையின் கீழ் ஓர் இரவு தங்க முடியாது. ஆக, முத்துக்குமாரு நாலு பேரைச் சட்டத்தால் கட்டினார், இரண்டு தாலியை உள்ளே வைத்துப் பூட்டினார், சாவியைக் கொண்டுபோய் விமானம் ஏறப் போகிற இருபத்திரண்டு வயதுப் பெட்டையின் கையில் கொடுத்தார். இப்படியொரு கெட்டித்தனம் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது.

குணலட்சுமி கையெழுத்து வைத்தாள். தவபாலனை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள். போக வேண்டும் என்ற அவசரத்தில், வைக்கச் சொன்ன இடத்திலெல்லாம் வைத்தாள்.

றொட்டர்டாம் அவளுக்குப் பிடித்துப்போனது. அதை மூடி மறைக்க என்ன இருக்கிறது. மழையும் குளிரும் பிடித்தன. யாருடைய மகள், எந்தப் பகுதி, எப்போது கலியாணம் என்று ஒருவரும் கேட்காதது எல்லாவற்றையும்விடப் பிடித்தது. வகுப்பில் பத்து நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். நாணய மாற்று, சுங்கம், கப்பல் காப்புறுதி எல்லாவற்றிலும் அவள் முன்னுக்கு நின்றாள். ஒருமுறை பேராசிரியர் ஒரு வழக்கைக் கொடுத்தார். ஒருவன் கிறிஸ்மசுக்கு நத்தார் மரங்கள் கேட்டிருக்கிறான்; மற்றவன் ஒரு மரம் குறையாமல், ஓர் இலை வாடாமல், தை மாதத்தில் கொண்டுவந்து இறக்குகிறான். ஒப்பந்தம் நிறைவேறியதா? வகுப்பே மாறி மாறி வாதாடியது. சொன்னது முழுவதையும் கொடுத்தாலும் காலம் தப்பினால் கொடுத்ததாகாது என்று இரண்டு பக்கம் எழுதி, குணலட்சுமி வகுப்பிலேயே அதிக புள்ளி வாங்கினாள். எழுதும்போது மானிப்பாய் அவளுடைய நினைவுக்கு வரவேயில்லை.

அந்த வருஷம் முடிகிற நேரம் இங்கே கம்பஸ் பூட்டிக் கிடந்தது. அது உண்மை. அங்கேயே முழுப் பட்டத்தையும் முடிக்கலாம், இன்னும் இரண்டு வருஷம் என்று றொட்டர்டாமில் சொன்னார்கள். அண்ணனுக்கு எழுதினாள். “முடிச்சிட்டு வா. நாங்கள் இருக்கிறம்தானே,” என்று பதில் வந்தது. அந்த ‘நாங்கள்’ யார் யார் என்று அவள் யோசிக்கவில்லை.

பட்டம் கையில் வந்தது எண்பத்தேழு வைகாசியில். இனி ஊருக்குப் போகாமலிருக்கச் சாட்டு ஒன்றும் மிச்சமில்லை என்று அவள் கலங்கிக்கொண்டிருந்த கிழமையில், வடமராட்சியில் ஆமி இறங்கிய செய்தி தொலைக்காட்சியில் வந்தது. வீடு எரிவதையும் சனம் ஓடுவதையும் காட்டினார்கள். அது பத்மாவதியின் ஊர்ப்பக்கம். குணலட்சுமி அழுதாள். ஆனால் அழுவதற்கு முன்னால், ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு, அவளுடைய மனதில் வேறொன்று வந்து போனது. இந்த வருஷம் கேட்கமாட்டார்கள் என்பதுதான் அது. ஊர் எரிகிறபோது அவளுக்கு ஆறுதல் வந்தது. அதன் பிறகு அவள் எவ்வளவு அழுதாலும் அந்த ஆறுதல்தான் முந்தி வந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

பிறகு வாசனைச் சரக்குத் தூள்களை இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் வேலை எடுத்தாள். இந்திய ஆமி வந்தது, அடுத்த சண்டை வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் தானாகவே கிடைத்தது. தவபாலனிடமிருந்து புதுவருஷத்துக்கு ஒரு வாழ்த்து மட்டும் வரும். அவளும் ஒன்று அனுப்புவாள்.

தொண்ணூறு தொடக்கத்தில் சண்முகநாதன் ஏதோ அலுவலாகக் கொழும்புக்கு வந்தவன், அங்கிருந்து தொலைபேசி எடுத்தான். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்றெல்லாம் கேட்டான். அம்மா சுகம் என்றான். இந்தமுறை வெங்காயம் பரவாயில்லை என்றான். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்.

“உன்ரை மச்சாளுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டிருக்கிறா. வாத்தியாரம்மா மாதிரி இருக்கிறா.”

அவன் கேலியாகத்தான் சொன்னான். குணலட்சுமி தொலைபேசியை வைத்துவிட்டு வயதைக் கணக்குப் பார்த்தாள். நாற்பதைத் தொடுகிறவர்களுக்கு வருவது வெள்ளெழுத்து. அவளுடைய மனதில் பத்மாவதி எழுத்து நடந்த அன்று நீலச் சேலையோடு நின்றபடியே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் வயது ஏறும் என்பது தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தது. பார்க்காமல் இருந்தாள். அடுத்த நாளே வேலையை விட்டாள்.

இந்திய ஆமி போய், ரயில் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்திருந்தான். தலை பாதி நரைத்து, முன்பல் ஒன்று போயிருந்தது. “மெலிஞ்சு போனாய்,” என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஏன் பிந்தினாய் என்று கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். நாள் வைத்த கையோடு தவபாலன் ஒருநாள் சைக்கிளில் வந்தான். முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுதான் கதைத்தான்.

“உமக்கு விருப்பமில்லை எண்டால் சொல்லும். கோட்டிலை போய் எழுத்தை வெட்டிவிடலாம். அக்காவின்ரை தாலி நிக்காமல் நான் அப்பாவோடை கதைப்பன்.”

“நான் கட்டத்தான் வந்தனான்,” என்றாள் குணலட்சுமி.

“பாவம் கழிக்கிறதுக்கெண்டு கட்ட வேண்டாம். உமக்குத் தண்டனையா வர எனக்கு விருப்பமில்லை.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவனை ஒரு நிபந்தனையாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். இவனும் ஆறு வருஷம் காத்திருந்தவன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“எனக்கு உங்களைத் தெரியாது. தெரிஞ்சுகொள்ளப் பாக்கிறன்,” என்றாள்.

“எனக்கு அது போதும்,” என்று அவன் சைக்கிளை எடுத்தான்.

தாலிக்குப் பொன்னுருக்கியதற்கு மறுநாள் நெல்லியடி வீட்டில் பலகாரச் சூடு. மற்றப் பெண்கள் சாப்பிடப் போன நேரம் குணலட்சுமியும் பத்மாவதியும் அடுப்படியில் தனித்திருந்தார்கள். பத்மாவதி மூக்கில் கண்ணாடியோடு பயற்றம் பணியாரம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“மச்சாள், ஏன் ஒருக்காலும் என்னை ஏசேல்லை நீங்கள்?” என்று கேட்டாள் குணலட்சுமி.

பத்மாவதி உருட்டியதை அடுக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “உமக்கு ஒண்டு தெரியாது. ரண்டு வருஷத்துக்கு முன்னை அப்பா இறங்கி வந்தவர். குணலட்சுமி வருமட்டும் பாக்காமல் எங்கடை தாலியை முடிப்பம் எண்டு அவரே சொன்னவர். உம்மடை அண்ணைதான் மாட்டன் எண்டு நிண்டவர்.”

“ஏன்?”

“தன்ரை கலியாணம் முடிஞ்சால் எங்கடை ஆக்கள் உம்மடை எழுத்தை வெட்டிப்போடுவினமாம். பிறகு நீர் எந்த முகத்தோடை ஊருக்கு வாறது எண்டார். தங்கச்சி வந்தால் நுழையிறதுக்கு வாசல் திறந்திருக்க வேணுமாம்.”

அண்ணனை முத்துக்குமாரு கட்டிப்போட்டிருக்கிறார் என்று நினைத்துக் கிழவனை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறாள். பூட்டைக் கிழவன் திறந்துவிட்டிருக்கிறான். அண்ணன்தான் வெளியே வரவில்லை.

“உங்களை ஒரு சொல்லுக் கேட்டவரோ?” என்றாள்.

“என்னை ஆர் கேட்டது. அவர் உமக்காக இருந்தார், நான் அவருக்காக இருந்தன். பஸ் இல்லாத காலத்திலையும் சைக்கிள் உழக்கிக்கொண்டு வருவார். விறாந்தையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, பொழுதுபட முன்னம் திரும்பிப் போவார். அந்த மனிசனோடை எப்பிடிக் கோவிக்கிறது.” பத்மாவதி அடுத்த உருண்டையை எடுத்தாள். “சண்டை வந்தது உமக்கு வசதியாப் போச்சு, என்ன?”

கோபமில்லாமல்தான் கேட்டாள். மழை பெய்ததா என்று கேட்பதுபோல் இருந்தது.

“ஓம்,” என்றாள் குணலட்சுமி.

“தெரியும். எண்பத்தேழிலை நாங்கள் கோயிலுக்கை அகதியாக் கிடக்கேக்கை உம்மை நினைச்சனான். நல்ல காலம் அந்தப் பிள்ளை அங்கை நிக்குது எண்டு.”

குணலட்சுமி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அதே நாளில் தனக்கு வந்த ஆறுதலும் இவளுக்கு வந்த ஆறுதலும் ஒன்றல்ல என்பதை எண்ண எண்ண அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, பத்மாவதிக்குப் பக்கத்தில் இருந்து உருட்டத் தொடங்கினாள். பத்மாவதி மாத் தட்டை நடுவில் நகர்த்தி வைத்தாள்.

வைகாசியில் அளவெட்டி மேளம் முழங்க, முத்துக்குமாரு சொன்னபடி, ஒரே பந்தலில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு தாலியும் ஏறின. சண்முகநாதன் தாலி கட்டும்போது அவசரத்தில் முடிச்சு வழுக்கி விழச் சுணங்கியது. இவ்வளவு காலம் இருந்தவனுக்கு இப்போது என்ன அவசரம் என்று யாரோ சொல்ல, சனம் சிரித்தது. அவனும் பல் போன வாயோடு சிரித்தான். குணலட்சுமிக்கு ஆறு வருஷத்தில் முதல்முறையாக மூச்சு இலேசாக வந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். பக்கத்தில் நின்ற தவபாலனைப் பார்த்தபோது, வேண்டாவெறுப்பாகக் கொடுக்கவும் இல்லை என்று தோன்றியது. அந்த நேரத்தில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

பிறகு அறுகரிசி போடத் தொடங்கினார்கள். பெரியவர்கள் சோடி சோடியாக வந்து, அறுகும் அரிசியும் எடுத்து, காலில் தொடங்கி முழங்கால், தோள் என்று தொட்டுத் தலையில் போட்டு வாழ்த்துவது. முதலில் முத்துக்குமாருவும் பெண்சாதி இராசாத்தியும் வந்தார்கள். பத்மாவதியையும் தவபாலனையும் பெற்றவர்கள். மூத்தவர்கள் என்பதால் சண்முகநாதனுக்கும் பத்மாவதிக்கும் முதலில் போட்டார்கள். இராசாத்தி மகளின் தலையில் அரிசியைப் போட்டு, கன்னத்தைத் தடவி, கண் கலங்க வாழ்த்தினாள்.

“நோய் நொடியில்லாமல் ரண்டு பேரும் நல்லா இருங்கோ.”

நல்ல வாழ்த்துத்தான். குணலட்சுமி அதில் ஒன்றையும் கவனிக்கவில்லை. இரண்டடி எடுத்து வைத்து இராசாத்தி அவர்களிடம் வந்தாள். அதே அறுகு, அதே அரிசி. மகனின் தலையில் போட்டாள், மருமகளின் தலையில் போட்டாள்.

“நோய் நொடியில்லாமல், பிள்ளை குட்டியளோடை நல்லா இருங்கோ,” என்றாள்.

இராசாத்தி வேண்டுமென்று விட்டதுமில்லை, வேண்டுமென்று சேர்த்ததுமில்லை. பெற்ற மகளின் வயது அவளுக்குத் தெரியும்; இல்லாத ஒன்றைச் சொல்லி அவளை நோகடிக்கத் தாய்க்கு வாய் வரவில்லை. அடுத்த சோடி வந்தது, அதற்கடுத்த சோடி வந்தது. ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ளாமலே எல்லோரும் அப்படியே வாழ்த்தினார்கள். அந்தப் பக்கம் ஒரு வாழ்த்து, இந்தப் பக்கம் ஒரு வாழ்த்து. பத்மாவதி ஒவ்வொருவருக்கும் தலையைக் குனிந்து கொடுத்தாள். குணலட்சுமி ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தாள். அவனுக்கும் கேட்டிருந்தது. வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டே, அவன் பத்மாவதியின் தோளில் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து விட்டுக்கொண்டிருந்தான்.