செம்மஞ்சள் ஏறிய சேலைகள்

ஞானரட்ணம் காலமான முப்பத்திரண்டாம் நாள் காலை எட்டேகாலுக்கு, லண்டனின் சட்டன் பகுதியில் உள்ள அவர் வீட்டில், மனைவி யசோதினி உடுத்திய வெள்ளைச் சேலை, அவள் மாடியிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் செம்மஞ்சளாகிவிட்டது. படிகள் பதின்மூன்று. முதற்படியில் சேலை வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாம் படியில் கொய்யகத்தின் ஓரம் பழுத்தது, ஒன்பதாம் படியில் முந்தானை பழுத்தது, தரையில் கால் வைத்தபோது மாறாத நூல் ஒன்றுகூட மிச்சமில்லை. அன்று மழை தூறியது, பேருந்து பதினொரு நிமிடம் பிந்தி வந்தது, வேறு விசேஷம் இல்லை. சேலையைக் கொண்டுவந்து தந்தவர் ஞானரட்ணத்தின் அக்கா கமலாம்பிகை. இது மலிவுச் சாயத்தின் குற்றம் என்று தீர்ப்பளித்து, ஸ்ட்ரெதமில் வாங்கிய கடைக்கே கொண்டுபோய் வேறொன்று மாற்றி வந்தார். அதுவும் ஒன்பதாம் படியைத் தாண்டவில்லை. மூன்றாம் முறை போனபோது கடைக்காரர் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, வெள்ளையில சாயமே இல்லை. இல்லாத சாயம் எப்பிடி மாறும்?" என்று கேட்டார். கமலாம்பிகை சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்.

விடை யசோதினியிடம் இருந்தது. அந்த நிறத்தை அவளுக்கு இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தெரியும். ஹொலண்டின் உதைபந்தாட்ட அணி உடுத்தும் நிறம் அது; ஞானரட்ணம் உயிரினும் மேலாக நேசித்த நிறம்; அவள் மனமார வெறுத்த நிறம். ஹொலண்டில், ஆர்னம் நகரத்துக்கு அருகே, பூ வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில் அவர் வேலை பார்த்தார். அங்கே நாள் முழுவதும் பாடிய வானொலியில் ஆட்ட வர்ணனை கேட்டே டச்சு மொழியைக் கற்றார். ஆகையால் அவருடைய டச்சு கடையிலும் அரசு அலுவலகத்திலும் தடுமாறியது, கோல் விழும்போது மட்டும் குதிரையாய்ப் பாய்ந்தது. படுக்கை விரிப்புகளைக் கிழித்துப் பதாகையாக்கி, சொல்லோடு சொல் மோதி விளையாடும் அடிகளை அவற்றில் எழுதுவார். 'தூரத்திலிருந்து வந்தோம், ஒரு பந்துக்காகவும் ஒரு நட்சத்திரத்துக்காகவும்' என்று பொருள்படும் அடியை, முடிவில் ஒரே ஓசை வரும்படி அவர் எழுதித் தூக்கியபோது, மைதானத்தில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் அவரைத் தோளில் ஏற்றினார்கள். அகதி என்று எழுதிய அட்டையோடு அந்த நாட்டில் இறங்கிய மனிதனை அந்நாட்டு மக்கள் தோளில் ஏற்றியது ஒரு சொல்லுக்காக. அந்தப் படம் பெருப்பிக்கப்பட்டு வீட்டுச் சுவரில் தொங்கியது.

ஹொலண்டில் டிசம்பர் ஐந்தாம் நாள் ஒரு வழக்கம் உண்டு. பரிசு கொடுப்பவர், பெறுபவரைச் செல்லமாகக் கேலி செய்யும் பாட்டு ஒன்றையும் எழுதிப் பொதியோடு வைக்க வேண்டும்; அதை உரக்கப் படித்த பிறகே பொதியைப் பிரிக்கலாம். ஞானரட்ணம் ஒருநாள் வழக்கத்தை ஆண்டு முழுவதற்குமான சட்டமாக்கினார். வீட்டில் யார் எதைக் கேட்பதானாலும் டச்சில், ஓசை பொருந்த, இரண்டு அடியில் கேட்க வேண்டும்; அப்படிக் கேட்டதை மறுக்கக் கூடாது. ஆட்ட நாட்களில் செம்மஞ்சள் உடுத்துமாறு அவர் பாட்டில் கேட்டார், அவள் உடுத்தினாள். அவள் மட்டும் ஒருநாளும் பாட்டில் கேட்டதில்லை. "நான் என்ன கூத்துக்காரியோ, உங்களிட்டைப் பாடிக் கேக்க?" என்பாள். தேவையானதைத் தானே உழைத்து வாங்கினாள். அவற்றுள் தலையாயவை சேலைகள். உடை என்பது ஒரு பெண் வாய் திறக்குமுன் பேசிவிடும் முதற்சொல் என்பது அவள் கொள்கை. மீன்கொத்தியின் முதுகு நீலத்தில் ஒரு பட்டுச் சேலை வைத்திருந்தாள். அதை உடுத்தும் நாட்களில் அவள் நடை அரை அங்குலம் உயர்ந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் குடும்பம் லண்டனுக்குப் பெயர்ந்தது. சட்டனில் கோயிலுக்குப் போக வழி இருந்தது, மகள் லக்‌ஷிகாவுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, ஞானரட்ணத்துக்கு மின்வேலை இருந்தது. அவர் பாட்டைக் கேட்டுச் சிரிக்க மட்டும் ஆள் இல்லை. ஆங்கிலத்தில் அந்த ஓசைகள் அகப்படவில்லை. பக்கத்துவீட்டு ஆங்கிலேயரிடம் ஒருமுறை மொழிபெயர்த்துச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர் வருத்தம் தெரிவித்தார். ஆக, அந்த ஊரில் அந்த வேடிக்கை புரிந்த ஒரே உயிர் யசோதினி. குசினியில் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் சிரிப்பாள். இப்போது அந்த முதுகுக்குப் பின்னால் எவரும் இல்லை. வெங்காயம் நறுக்கும் சில மாலைகளில், ஓர் அடி சொல்லப்பட்டு மறு அடி வராமல் நின்றுபோன மௌனத்தை அவள் கேட்டாள்.

செம்மஞ்சள் நிற்கவில்லை. கறுப்புக் கால்சட்டை, சாம்பல் மேலங்கி, வேலைக்குப் போடும் நீலச் சீருடை யாவும் உடம்பில் ஏறிய சற்று நேரத்தில் நிறம் மாறின. கழற்றியதும் பழைய நிறத்துக்குத் திரும்பின. ஊர் இதைத் தன் அறிவுக்கு எட்டியபடி விளங்கிக்கொண்டது. நம்மவருக்குச் செம்மஞ்சள் என்றால் உதைபந்து அல்ல, காவி. யசோதினி துறவு பூண்டுவிட்டாள் என்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமைக்குள் சட்டனிலிருந்து விம்பிள்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. கோயில் வரிசையில் ஒரு பெண் குனிந்து அவள் காலைத் தொட்டு, "அம்மா, ஹோம் ஒஃபிஸ் விசாப் பேப்பர் எப்ப வரும் எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டாள். "பிள்ளை, எனக்கு அடுத்த பஸ் எப்ப வரும் எண்டே தெரியாது" என்றாள் யசோதினி. இந்த விடையின் உட்பொருளைப் பலர் பல நாள் ஆராய்ந்தார்கள்.

கணவன் மாண்டால் மனைவி வெளிற வேண்டும் என்று எவரும் சட்டம் எழுதவில்லை, எவரும் கையொப்பம் இடவில்லை. ஆனாலும் கடல் கடந்து, குடியுரிமை மூன்று மாறி, அந்த ஆணை மட்டும் சுங்கச் சோதனை எதிலும் சிக்காமல் வந்து சேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு ஆனியில் லக்‌ஷிகாவுக்கும், சென்னையிலிருந்து வந்து கணினி வேலை பார்க்கும் ஸ்ரீனிவாசுக்கும் திருமணம் நிச்சயமானது. கமலாம்பிகை முறையைச் சொன்னார். தாரை வார்க்க ஒரு சோடி வேண்டும், அதற்கு உறவில் ஆள் பார்த்தாகிவிட்டது. யசோதினி பின்வரிசையில் இருக்கட்டும். துறவி என்றால் முன்வரிசையிலும் இருக்கலாம், மணவறையில் மட்டும் ஏற வேண்டாம்.

"அம்மா ஸ்டேஜில நிக்காட்டி வெடிங்கே இல்லை, மாமி" என்றாள் லக்‌ஷிகா.

"சனம் என்ன சொல்லும், பிள்ளை?"

"சனத்துக்கு சாப்பாடு குடுக்கிறம்தானே. சாப்பிட்டுக்கொண்டு சொல்லட்டும்."

யசோதினி இருவரையும் பார்த்து, மணவறையில் தான் நிற்பதாகவும், மீன்கொத்தி நீலச் சேலையில் நிற்பதாகவும் சொன்னாள். வெள்ளை ஊரின் நிறம், காவி வதந்தியின் நிறம், செம்மஞ்சள் கணவனின் நிறம். தன் நிறத்தில் ஒரு நாளாவது நில்லாவிட்டால் தான் நின்றதாகக் கணக்கில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மண்டபத்தின் உடைமாற்றும் அறையில், முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கையில், அவள் சேலையை உடுத்தி முடித்தாள். நீலம் கரையிலிருந்து மேல்நோக்கிப் பழுக்கத் தொடங்கியது. கதிரையில் கமலாம்பிகை வழக்கமான சந்தன வெள்ளைச் சேலையில் அமர்ந்திருந்தார். எண்பத்தேழில் யாழ்ப்பாணத்தில் கணவனை இழந்து, இருபத்தாறு வயதில் அந்த நிறத்துக்குள் போனவர், முப்பத்தேழு ஆண்டுகளாக வெளியே வரவில்லை. "பார்த்தீரோ, யசோ? தம்பிக்கே விருப்பமில்லை" என்றார். அவர் குரலில் வெற்றி இல்லை.

யசோதினி கண்ணாடியைப் பார்த்தாள். செம்மஞ்சள் முழங்காலைத் தாண்டியிருந்தது. எல்லா நாளும் தன்னிடம் பாட்டில் கேட்டவருக்கு ஒருநாளும் தான் பாட்டுக் கொடுக்கவில்லை என்பது, கோபத்துக்கு நடுவே, அவள் நெஞ்சில் தைத்தது. பிறகு, இருபத்தெட்டு ஆண்டுகளாகச் செய்ய மறுத்ததைச் செய்தாள். வாய் விட்டு, டச்சில், இரண்டே அடி: "ப்ளௌ இஸ் ஃபன் மெய், லாத் மெய் ஃப்ரெய்." நீலம் என்னுடையது, என்னை விடு. ஓசை பொருந்தியிருந்தது. சட்டம் சட்டம்தான், கேட்டதை மறுக்க முடியாது. அறைக்குள் எங்கோ ஒரு மனிதன் ரசித்துச் சிரித்தது போல மூச்சுக் காற்று ஒன்று அசைந்தது. செம்மஞ்சள் முழங்காலில் நின்று, யோசித்து, இறங்கி, கரை வழியே தரையில் வழிந்தது. நீலம் திரும்பியது. யசோதினி அழுதாள், விடுதலைக்காக ஒரு கண்ணும், அவருக்காக ஒரு கண்ணும்.

தரையில் வழிந்த நிறம் போக ஓர் இடம் வேண்டுமல்லவா? அது கம்பளத்தைக் கடந்து, கதிரைக் காலைச் சுற்றி, கமலாம்பிகையின் சேலையில் ஏறியது. இடுப்பைத் தாண்டியது. தோளுக்கு வந்ததும் எழுந்து கண்ணாடியின் முன் நின்றார். உள்ளே அறுபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி பழத்தோட்டம் போல நின்றாள். கழற்றலாம், மாற்றுச் சேலை பையில் இருந்தது. அவர் பையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். காலால் அதைக் கதிரைக்கு அடியில் தள்ளினார்.

"யசோ," என்றார், "இதுக்கு என்ன நிறத்தில பொட்டு வைக்கிறது?"

யசோதினி தன் பெட்டியைத் திறந்து, குங்குமச் சிவப்பில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள். இருவரும் ஒன்றாக மணவறை ஏறினார்கள். தாரை வார்க்க வந்த சோடி சாப்பாட்டுப் பக்கம் அனுப்பப்பட்டது. மாப்பிள்ளையின் தாய் வத்சலா, "சம்பந்தி, உங்க நாத்தனார் புடவை கலர் சூப்பரா இருக்கே, எங்க எடுத்தீங்க?" என்று கேட்டார். "எடுத்தது இல்லை, வந்தது" என்றாள் யசோதினி. சனம் சொல்ல வேண்டியதைச் சொல்லிற்று. பாயசம் நன்றாக இருந்ததாகவும் சொல்லிற்று.

அன்று முதல் கமலாம்பிகை எதை உடுத்தினாலும் செம்மஞ்சள்தான். குளிர்காலக் காலுறை உட்பட. அவர் குடியிருந்த ஸ்ட்ரெதமில் அது பழகிவிட்டது. ஆனால் வீதியில் எதிர்ப்படும் ஹொலண்டுக்காரர்கள் அவரைத் தங்கள் கட்சி என்று எண்ணி நிறுத்தி, ஆட்டத்தின் நிலவரம் கேட்டார்கள். கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்பதால், அவர் உதைபந்தாட்டம் படிக்க நேர்ந்தது. ஒரு பனிக்கால ஞாயிறு பின்னேரம் யசோதினிக்குத் தொலைபேசியில் அழைத்தார்: "எங்கட பெடியள் ரெண்டு கோல் பின்னுக்கு நிக்கினம். எனக்குத் தனிய இருந்து பார்க்க ஏலாது, உடன வாரும்." யசோதினி பச்சைக் கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ரயிலேறினாள். ஸ்ட்ரெதமில் இறங்கும்போதும் அது பச்சையாகவே இருந்தது.