கறுப்பு வெள்ளை ஊசி

காலை ஒன்பது மணிக்கு, எங்கள் மாடு பூச்சியின் பின்னால் கன்றின் இரண்டு குளம்புகள் தெரிந்தன. பத்தரைக்கும் அதே இரண்டு குளம்புகள்தான். ஒரு விரற்கடைகூட வெளியே வரவில்லை. நான் மாட்டுப்பட்டியின் தகர மறைப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறந்து ஒரு மாதமான கன்றின் குளம்பு போல அத்தனை பெரிதாக இருந்தன. ஏன் இத்தனை பெரிது என்று அந்தப் பட்டியில் நின்ற மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பூச்சி எங்கள் கெடேரி. இதுதான் அவளுக்குத் தலைச்சன் ஈற்று. பிறந்தபோது ஒரு கூடைக்குள் வைத்துத் தூக்கிவரலாம் போல இருந்ததால் என் வீட்டுக்காரர் அழகன் வைத்த பெயர். வளர்ந்தும் பெரிதாக வளரவில்லை, செவலை நிறத்தில் குட்டையாக, கண் மட்டும் பெரிதாக. இராமையா மாமாவின் மாட்டை இவர் நாலு வருஷம் பாதிக்கு வளர்த்தார். முதல் கன்று மாட்டுக்காரருக்கு, இரண்டாவது வளர்த்தவருக்கு. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, தோள்பட்டை வலியோடு ஆற்றோரம் போய்ப் புல் அறுத்து, மழையில் நனைந்து, நாலு வருஷம். அப்படி வந்தவள் இவள். நாங்கள் இருக்கிற வரிசை வீடு, லயம், தோட்டத்துக்காரனுடையது, கறிக்காய் போடுகிற துண்டு நிலம் தோட்டத்துக்காரனுடையது, இந்தப் பட்டியின் கால்கூடத் தோட்டத்துச் சவுக்கு மரம். பூச்சி மட்டும்தான் எங்களுடையது.

"என்ன சினை ஊசிடா போட்டுத் தொலச்சான் அந்தப் பய?" என்றார் செல்லசாமி அண்ணன். பென்சன் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கிற மனுஷர். தோட்டத்தில் எந்த மாடு கன்று போட்டாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். "சின்ன மாட்டுக்கு இந்தக் காலா?"

"ஜேர்சிதாண்ணே போடச் சொன்னேன்" என்றார் அழகன். "ஊசி போடுற கிஷாந்த் தம்பி அப்பிடி மாத்திப் போடுற ஆளில்ல."

நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்றால் எங்கள் லயத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

இவர் பேசாத மனுஷர். பேசுகிற வேலை எல்லாம் கல்யாணமான நாளிலிருந்து என்னுடையது. சங்கத்துக்காரர் வந்தாலும், பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டாலும், என் நாத்தனார் நகை இரவல் கேட்டாலும், "அவரு சரின்னுட்டாரு", "அவருக்கு இஷ்டமில்ல" என்று நானே சொல்லிவிடுவேன். அவரிடம் கேட்டதே இல்லை. பிறகு தெரிந்தால் லேசாகச் சிரிப்பார். எனக்கு அது பழகிப்போயிற்று.

ஊசி போட்ட அன்றைக்கும் அப்படித்தான். பூச்சி பருவத்துக்குக் கத்தினாள். இவர் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகும்போது, "கிஷாந்த வரச் சொல்லியிருக்கேன், ஜேர்சி போடச் சொல்லு" என்று ஒரே வரிதான் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தேன். அதற்கு முந்தின நாள்தான் குழாயடியில் மேட்டு லயத்துப் பேச்சியம்மா என்னைப் பார்த்து, "ஒன் பூச்சிக்குப் பூச்சிதானே பொறக்கும்" என்று சொல்லிச் சிரித்திருந்தாள். அவளுடையது கறுப்பு வெள்ளை மாடு, யானை மாதிரி. காலையில் இரண்டு கேன் பாலோடு அவள் படியிறங்குகிற நடையைப் பார்க்க வேண்டுமே! இராத்திரி முழுக்க அந்தச் சிரிப்பே என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கிஷாந்த் மோட்டார் சைக்கிளில் வந்து, ஊசிக் கேனைத் திறக்கும் முன்னாலேயே சொன்னான்: "அக்கா, சின்ன கெடேரி, மொத ஊசி. ஜேர்சி போட்டா சொகமா கன்னு போட்டுரும்."

"எங்க வீட்டுக்காரரு கறுப்பு வெள்ளதான் போடணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அண்ணனா சொன்னாரு?"

"பின்ன நானா சொல்றேன்?"

அழகன் சொன்னால் மாட்டு விஷயத்தில் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. போட்டுவிட்டு, என்ன ஊசி என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த அட்டையை என் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினேன். கறுப்பு வெள்ளைக் கன்று பிறந்தால் ஆச்சரியப்பட்டுச் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். ஒன்பது மாதமும் அப்படித்தான் நினைத்தேன், பாவி.

"சுதா, மாட்டு டொக்டர் மிஸ்ஸுக்குப் போன் பண்ணு" என்றார் அழகன். அவர் குரல் தாழ்ந்திருந்தது. பூச்சி ஒருதரம் முக்கி, முதுகை வளைத்து, பின்னங்கால் நடுங்க நின்றாள்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணி டாங்கிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அறுபது எழுபது படி. டாங்கிக்கு எதிர்வீடு பேச்சியம்மாவுடையது. முழங்கால் வீங்கி வேலைக்குப் போகாமல் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

டொக்டர் மிஸ் டயகம ஊர்ப் பக்கம் ஒரு மாட்டுப்பட்டியில் இருந்தார். சிங்களவர்தான், ஆனால் எங்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாகப் பேசுவார். குளம்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, மூக்கு தட்டுப்படுகிறதா, எத்தனை மணிக்கு நீர்க்குடம் உடைந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். கடைசியாகக் கேட்டார்:

"என்ன ஊசி போட்டது? ஜேர்சியா, கறுப்பு வெள்ள ப்ரீசியனா?"

பேச்சியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜேர்சிதான் மிஸ்" என்றேன்.

"அப்ப பயமில்ல. எண்ணெய் தடவி, மாடு முக்குற நேரம் மட்டும் ரெண்டு பேர் புடிச்சு இழுங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

படியிறங்கும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எப்படியும் இழுக்கத்தான் போகிறார்கள். கொஞ்சம் கஷ்டப்பட்டு வந்துவிடும். எத்தனை மாடு பெரிய கன்று போடவில்லை?

"இழுக்கச் சொன்னாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

செல்லசாமி அண்ணன் கயிற்றைக் கன்றின் இரண்டு காலிலும் சுருக்குப் போட்டு மாட்டினார். அழகன் கைநிறைய நல்லெண்ணெய் எடுத்து உள்ளே விட்டுத் தடவினார். பூச்சி முக்கியபோது இருவரும் இழுத்தார்கள். கால் முழங்கால் வரை வந்தது. மூக்கும் நாக்கு நுனியும் தெரிந்தன. அதற்கு மேல் வரவில்லை. அடுத்த முக்கலுக்கு இழுத்தார்கள். அழகன் ஒரு காலைப் பட்டித் தூணில் உதைத்து முட்டுக் கொடுத்தார். பூச்சியின் முன்னங்கால்கள் மடிந்து, அவள் தொப்பென்று படுத்துக் கழுத்தை நீட்டினாள். ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், மாடு கத்துகிற சத்தமில்லை அது. என் தலைச்சன் பிள்ளைக்கு நான் போட்ட சத்தம்.

"இன்னும் ஒரே இழுப்பு. வந்துரும்" என்றார் செல்லசாமி அண்ணன், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு.

"இழுக்காதீங்க" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டொக்டருதானே இழுக்கச் சொன்னாங்க?" என்றார் அழகன்.

"அவங்கட்ட நான் பொய் சொன்னேன். ஜேர்சின்னு சொன்னேன். போட்டது கறுப்பு வெள்ள. நான்தான் போடச் சொன்னேன். நீங்க சொன்னதா ஒங்க பேரச் சொல்லித்தான் போட வச்சேன். அட்ட பெட்டிக்குள்ள இருக்கு."

செல்லசாமி அண்ணன் கயிற்றைக் கீழே போட்டார். அழகன் தன் கையில் சுற்றியிருந்த கயிற்றை மெதுவாகப் பிரித்தார். கயிறு பதிந்து உள்ளங்கை சிவந்திருந்தது. அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதிலுக்கா பஞ்சம்? அவர் திட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"போய் டொக்டருட்ட சொல்லு" என்றார். "இந்தவாட்டி உள்ளதச் சொல்லு."

ஓடினேன். சிமெந்துப் படி மழையில் பாசிபிடித்து வழுக்கியது. ஒருதரம் விழுந்து முட்டி சிராய்த்தது. டாங்கிக்குப் பக்கத்தில் பேச்சியம்மா இன்னும் நின்றிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "மிஸ், நான் சொன்னது பொய். ப்ரீசியன் ஊசி. நான் கேட்டுத்தான் போட்டது."

"சுடுதண்ணி வேணும்ல, போட்டு வைக்கிறேன்" என்று முனகிக்கொண்டு பேச்சியம்மா நொண்டி நொண்டி வீட்டுக்குள் போனாள்.

போனில் ஜீப் ஓடுகிற சத்தம் கேட்டது. டொக்டர் மிஸ் சொன்னார்: "நல்லாக் கேளுங்க. ரெண்டு வழிதான் இருக்கு. வயித்தக் கிழிச்சு எடுக்குற சாமான் ஆபிஸ்ல இருக்கு. போய் எடுத்துட்டு வந்தா ரெண்டு மணித்தியாலம் ஆகும். மாடு தாங்கினா தாயும் கன்னும் பொழைக்கும். தாங்கலன்னா ரெண்டும் போயிரும். நேரா வந்தா ஒரு மணித்தியாலத்துல அங்க நிப்பேன். ஆனா கன்ன உள்ளயே அறுத்துத்தான் எடுக்கணும். மாடு பொழைக்கும். ஆபிசுக்குப் பிரியிற சந்தி வந்துட்டு. எந்தப் பக்கம் திருப்ப? மாட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

வாய் தானாகத் திறந்தது. 'அவரு' என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பதினேழு வருஷப் பழக்கம்.

"கொஞ்சம் இருங்க மிஸ்" என்றேன். "அவர்ட்டக் கேட்டுட்டு வாறேன்."

போனை டாங்கிச் சுவரின் மேல் அப்படியே வைத்துவிட்டு இறங்கினேன்.

அழகன் சாணியில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை பூச்சியின் தொடை மேல் இருந்தது. இன்னொரு கை விரல் கன்றின் வாய்க்குள் இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"உசுரோட இருக்கு சுதா. வெரலச் சப்புது பாரு."

டொக்டர் மிஸ் சொன்னதை ஒன்று விடாமல், ஒன்று கூட்டாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு பேச்சை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பூச்சி கழுத்தைத் திருப்பி அவர் பக்கம் பார்த்தாள். கண் உள்ளே போயிருந்தது. முக்குவதைக்கூட விட்டுவிட்டாள்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. ஒங்களக் கேக்க வந்தேன்."

அவர் பூச்சியின் தொடையில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். நடுக்கம் எவ்வளவு என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். கீழே ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. செல்லசாமி அண்ணன் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்மலையைப் பார்த்து நின்றார்.

"பூச்சி" என்றார் அழகன். "நேரா வரச் சொல்லு."

நான் திரும்பி ஓடினேன். நடுவில் வேறு சொல் எதுவும் வந்துவிடக்கூடாது என்று, நேரா வாங்க, நேரா வாங்க என்று அதையே சொல்லிக்கொண்டு ஏறினேன். படி திரும்புகிற இடத்திலிருந்து பட்டி தெரியும். ஒருதரம் பார்த்தேன். அவர் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கன்றின் வாயிலிருந்து விரலை அவர் இன்னும் எடுக்கவில்லை.