நிமோல் தாண்டிய மத்தளம்

மூதாதையருக்குச் சோறு படைக்கும் பண்டிகை முடிந்த மறுநாள் காலையிலிருந்து, நிமோல் வலது காலை ஊன்றினால் மத்தளத்தின் பெரிய முகமும் இடது காலை ஊன்றினால் சின்ன முகமும் ஒலித்தன. தாக்கேவ் பக்கத்து ஏரிக்கரை ஊர்களில் அந்த வருடம் வெள்ளம் சீக்கிரம் வடிந்தது, விரால் மீன் நிறையக் கிடைத்தது, நெல் சுமாராக விளைந்தது. நிமோலின் கால் விஷயத்தையும் ஊரார் இவற்றோடு சேர்த்தே பேசினார்கள். காரணம் மட்டும் அவளுக்குத்தான் தெரியும். பண்டிகையன்று உச்சிவெயிலில் விகாரை மண்டபத்தில் வாத்தியக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். வீட்டில் புழுக்களுக்கு இலை வைக்கும் நேரமாகிவிட்டதென்று ஓடியவள், கட்டம் போட்ட துண்டுக்கு அடியில் கிடந்ததை யாருடைய தலையணையோ என்று நினைத்துத் தாண்டிவிட்டாள். துண்டு விலகியபோதுதான் அது வாத்தியார் ப்ரூமின் மத்தளம் என்று தெரிந்தது. குருமார்களின் ஆவி குடியிருக்கும் மத்தளத்தை அந்தப் பக்கத்தில் யாரும் தாண்டுவதில்லை. குடித்தவன்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

நிமோல் பட்டுப்புழு வளர்ப்பவள். புழுவுக்குப் புகை ஆகாது, வாசனை ஆகாது, சத்தம் அறவே ஆகாது. அவளைப் போல ஓசையில்லாமல் நடப்பவள் அந்தக் கரையில் வேறு யாரும் கிடையாது. இப்போதோ அவள் அடுப்படிக்குப் போனாலே மூங்கில் தரை வழியாக முழக்கம் புழு அறைக்குப் போனது. தட்டுகளில் புழுக்கள் தலையைத் தூக்கியபடி நின்றன, இலையைத் தொடவில்லை. காலில் துணி சுற்றிப் பார்த்தாள். வைக்கோல் பரப்பிப் பார்த்தாள். தவழ்ந்தும் பார்த்தாள், முட்டியும் ஒலித்தது. இரண்டு ஈடு புழுக்கள் அப்படியே சுருங்கிச் செத்தன. மூன்றாவது ஈடு பொரிந்து, இலையைக் கொறித்தும் கொறிக்காமலும், தோல் உரிக்கும் மூன்றாம் உறக்கம் வரை வந்திருந்தது. அதுவும் போனால் அவள் தலைநகரத்துத் தையல் ஆலைக்குப் போகவேண்டும், பால்குடி மறக்காத மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு. கணவன் சொவான் அவளைச் சிரிக்க வைக்கத்தான் பார்த்தான். “நீ தண்ணி எடுக்கப் போனா ஊரே விசேஷம்னு நெனச்சுச் சட்டை மாத்துதுடி” என்பான். பிறகு ஒருநாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஆலையில மெஷின் சத்தத்துல உன் காலு யாருக்குக் கேக்கப் போவுது” என்றான்.

அதே மாதங்களில் ப்ரூமின் மத்தளம் ஊமையாகியிருந்தது. தோலை மாற்றினார், வாரை இறுக்கினார், ஊதுவத்தி ஏற்றினார். அடித்தால் ஒன்றுமே எழவில்லை. அந்தக் கோஷ்டியில் மத்தளம்தான் காலம் சொல்லும். நாயனமும் வெண்கல மணிகளும் அதன் பின்னாலேதான் போகும். ஆனாலும் அவர் ஒரு நிகழ்ச்சியையும் விடவில்லை. சபையில் உட்கார்ந்து முழு மனதோடு மௌனத்தை வாசித்தார். மற்றவர்கள் அவர் கையைப் பார்த்துப் பார்த்து வாசித்து, கண் சிமிட்டிய இடத்திலெல்லாம் தடுமாறினார்கள்.

அறுவடைக்குப் பின் பக்கத்து ஊர் விகாரையில் புது மண்டபத் திறப்பு விழா. மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று நிமோல் முடிவு செய்தாள். வெற்றிலை, பாக்கு, மெழுகுவத்தி, ஊதுவத்தியோடு சொவானின் பைக்கில் காலைத் தூக்கி வைத்தபடி போய்ச் சேர்ந்தாள். மேடையில் தங்க மகுடம் சூடிய பெண் ஆடிக்கொண்டிருந்தாள், கோஷ்டி திணறிக்கொண்டிருந்தது. நிமோல் இறங்கி நடந்தாள். கூட்டம் திரும்பியது. நாயனக்காரர் தலை நிமிர்ந்து, அவள் அடியைப் பிடித்துக்கொண்டார். மணிகள் அவரோடு சேர்ந்தன. அவள் பயந்து மெதுவாக நடக்க, பாட்டும் மெதுவாயிற்று. வெட்கத்தில் அவள் நின்றுவிட்டாள். எல்லாமே நின்றது. ஆடியவள் ஒரு காலைப் பின்னால் மடக்கித் தூக்கியபடி நின்றாள்.

“ஏம்மா, நின்னுட்டியே! நடம்மா!” என்று நாயனக்காரர் கத்தினார்.

“அக்கா, சீக்கிரம் நடங்கக்கா, கால் மரத்துப்போச்சு” என்றாள் ஆடியவள், தேவலோகச் சிரிப்பு கொஞ்சமும் மாறாமல்.

நிமோல் நடந்தாள். மேடைக்கு முன்னால் போய், திரும்பி வந்து, பாட்டு முடியும்வரை நடந்தாள். ப்ரூம் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் முன்னால் மண்டியிட்டாள். “தாண்டிட்டேன், வாத்தியாரே. தலையணைன்னு நெனச்சுட்டேன்.”

அவள் கொண்டுவந்த ஊதுவத்தியை அவர் ஏற்றி மத்தளத்தின் முன் வைத்தார். “வாசிக்கிறவனுக்கு எப்பவும் அடுத்த அடியிலதான் கவனம். என் மத்தளத்தை நான் இன்னிக்குத்தாம்மா கேட்டேன்” என்றார். மன்னித்ததாகச் சொல்லி, முறைப்படி நீர் தெளித்தார். நிமோல் எழுந்து ஓர் அடி வைத்தாள். பெரிய முகம் ஒலித்தது. அவள் உட்கார்ந்து அழுதுகொண்டே புழுவைப் பற்றியும் ஆலையைப் பற்றியும் மகளைப் பற்றியும் சொன்னாள்.

மறுநாள் காலையில் ப்ரூம் மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு ஏணியில் ஏறினார். “நடக்கிற வழியில மத்தளத்தைப் போட்டது நான். நீ எங்கிட்ட மன்னிப்புக் கேட்டே. நான் உன் புழுகிட்டக் கேக்கவேண்டாமா?”

“அதுங்க ரொம்பக் கோவக்காரங்க, வாத்தியாரே. வெத்தலை எல்லாம் வாங்காது” என்றான் சொவான்.

புகை ஆகாதென்பதால் ஒன்றும் ஏற்றாமல், புழுத் தட்டுகளுக்கு நடுவில் அமர்ந்து, எல்லா நிகழ்ச்சிகளையும் தொடங்கும் குரு வணக்கத்தை வாசித்தார். தோலிலிருந்து மௌனம் எழுந்து அறையை நிரப்பியது. வாசலில் நின்ற நிமோலுக்கு அந்த மௌனம் அடையாளம் தெரிந்தது. விடியற்காலையில் இலைக்கூடையோடு தட்டுகளுக்கு இடையே போய்வந்த தன்னுடைய நடை அது. புழுக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தின. சற்று நேரத்தில் இலைமேல் தூறல் விழுவது போன்ற அந்தச் சத்தம், அவள் மாதக்கணக்கில் கேட்காத சத்தம், அறையெங்கும் கேட்டது. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அவர் வாசித்து முடிக்கும்வரை அவள் காலிலிருந்து ஒன்றும் எழவில்லை.

புழுக்கள் பொன்னிறக் கூடு கட்டின. நிமோல் தலைநகரத்துக்குப் போகவில்லை. தனிக்கட்டையான ப்ரூம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, தூண்கள்மேல் நிற்கும் அவர்கள் வீட்டுக்கு அடியில், தறிக்குப் பக்கத்தில் குடியேறினார். இலை வைக்கும் வேளைகளில் மேலே போய் அவர் வாசிப்பார். விழா வந்தால் அவள் போய் நடப்பாள். விகாரைகளில் மேடைக்கு முன்னால் ஒரு தடத்தைக் கல் பொறுக்கிப் பெருக்கி வைப்பது வழக்கமாயிற்று. சில வருடம் கழித்து நிமோல் இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது, அதிகம் நடக்கக்கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். விகாரையின் தலைமைப் பிக்கு அந்த வருட விழாவைப் பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். யாரும் காரணம் கேட்கவில்லை.