ஒரு படி பின்னால்

காலையிலிருந்து நான் நாற்காலியில் உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதும் குடிக்காமல் திரும்புவதுமாக இருந்தேன். மூன்று மணிக்குக் கூட்டம். அதில், நாங்கள் ‘மீசை’ என்று கூப்பிடும் சீனியரின் வேலை போகப்போகிறது. தப்பு செய்தது நான்.

கணினி நிரல்களின் பழைய பிரதி, புதிய பிரதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துவது எங்கள் மென்பொருள். எந்த வரியை யார் எழுதினார்கள் என்று பெயரோடு குறித்தும் வைக்கும். பிரதிக்கு நாம் வைக்கும் பெயரை, கொஞ்சமும் சோதிக்காமல், கணினிக்கான கட்டளைக்குள் அப்படியே ஒட்டிவிடுகிறது அந்த மென்பொருளின் நிரலிலேயே ஒரு வரி. பெயரோடு சேர்த்து ‘எல்லாவற்றையும் அழி’ என்று எவனாவது எழுதினால் சர்வர் மறுபேச்சில்லாமல் அழித்துவிடும். நேற்று வெளியாள் ஒருவர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

அந்த வரிக்கு நேரே மீசையின் பெயர் இருந்தது. மேலாளர் அதோடு தேடுவதை நிறுத்திக்கொண்டார். போன வருஷம் மீசை அந்தக் கோப்பில் இடைவெளிகளை மட்டும் ஒழுங்குபடுத்தினார். தொட்ட வரியெல்லாம் அவர் பெயருக்கு மாறிவிட்டது. பதிவில் ஒரு படி பின்னால் போனால் என் பெயர். மனுஷன் மீசையை எடுத்தே நாலு வருஷம் ஆகிறது, ஒட்டிக்கொண்ட பெயர் லேசில் போகிறதா?

என் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஆறு மாதம். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மீசையின் இருக்கைக்குப் போனேன். காபிக் கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த வரி நான் எழுதினது, சார்.”

“தெரியும். காலைலயே பார்த்துட்டேன்.”

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினார். எழுதியவர் என்று என் பெயர். அதன் கீழே, சரிபார்த்தவர் என்று அவர் பெயர்.

“நீ எழுதினதாச்சேன்னு படிக்காமலே சரின்னு போட்டேம்மா. இதை எந்த வாயால சொல்றது?”

கூட்டத்தில் நான்தான் முதலில் பேசினேன். அவரும் மறைக்கவில்லை. மேலாளரின் முகம் கறுத்தது. யார் வெளியே போவது என்பதை நாளை பார்க்கலாம், இப்போது இரண்டு பேரும் ஓட்டையை அடைத்துவிடுங்கள் என்றார்.

ஒன்பது வரிகள் எழுதி மீசைக்கு அனுப்பினேன். வழக்கமாக ஒரே நிமிஷத்தில் ‘சரி’ வந்துவிடும். இருபது நிமிஷமாகியும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன்; திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

நாற்பதாவது நிமிஷம் பதில் வந்தது. ‘ஏழாவது வரி தப்பு. இதுலயும் ஓட்டை திறந்துதான் கிடக்கு.’

பார்த்தேன். திறந்துதான் கிடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.