தச்சன்குளத் தெருவில் இருபத்துநான்கு மணி நேரம்

"சிதம்பரம் வாழ் பெருமக்களே! எத்தனையோ பெருமைகளைச் சுமந்து நிற்கும் நம் நகரம், இன்று காலை பத்து மணி ஒன்பது நிமிடத்துக்கு இன்னொன்றையும் சுமக்க இருக்கிறது. தச்சன்குளத் தெருவின் இடப்பக்கம் இந்த நிமிடம் முதல் பேருந்துகளுக்கு மட்டுமே. நாளின் இருபத்துநான்கு மணி நேரமும், ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும், பேருந்தைத் தவிர எந்த வண்டியும் அங்கே ஒரு நொடிகூட நிற்கலாகாது, நிற்கலாகாது, நிற்கலாகாது!"

மூன்றாவது 'நிற்கலாகாது' ஒலிபெருக்கியில் கீச்சிட்டபோது வைத்திலிங்கம் மேடைக்குப் பின்னால் ஒரு கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். மேடைக்கு மேலே விரிந்திருந்த நாற்பதுக்கு அறுபது ஷாமியானா அவருடையது. அதைத் தாங்கிய பதினாறு இரும்புக் கம்பங்களும் அவருடையவை. எதிரே திறந்து கிடந்த 'ஞானாம்பாள் பாத்திர வாடகை நிலைய'மும் அவருடையதுதான். பெயர் மட்டும் மனைவியுடையது.

நகரச் சீர்போக்குவரத்துக் குழு என்று ஒன்று இருப்பதே பத்து நாளைக்கு முன்னால்தான் அவருக்குத் தெரியும். அதன் தலைவர் தில்லைநாதன் சால்வையும் பச்சை மைப் பேனாவுமாகக் கடை வாசலுக்கு வந்து ஷாமியானாவுக்குச் சொன்னார். எதற்கு என்று கேட்டதும் விளக்கினார். விளக்கம் முடிந்தபோது வைத்திலிங்கத்துக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"இந்தத் தெருவுல நாலு பஸ்ஸுதான் சார் போவுது. காலைல ஆறே கால், ஒம்பதரை, மதியம் ஒன்னே முக்கா, சாயந்தரம் அஞ்சே கால். அதுக்கு எதுக்கு சார் இருவத்திநாலு மணி நேரம்?"

"தொலைநோக்கு வேணும்யா. நாளைக்கு நானூறு பஸ் வரும்."

"எங்கேருந்து சார் வரும்?"

தில்லைநாதன் தொலைவை நோக்கினார். அந்தத் திசையில் வைத்திலிங்கத்தின் கடைதான் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு சந்தேகம் பலவாகிவிட்டது. பெயின்ட் காண்ட்ராக்டருக்காகத்தான் இது என்று முதலில் நினைத்தார். ஆனால் மஞ்சள் கோடு முந்நூறு அடிதான். அதில் வரும் காசில் யாரும் மாடி வீடு கட்டிவிட முடியாது. கோடு சரியாக எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருநாள் நடந்து பார்த்தார். அவர் கடைக்கு இரண்டு கடை முன்னால் தொடங்கி இரண்டு கடை தாண்டி முடிந்தது. அண்டாவும் குண்டானும் ஏற்ற வண்டி நிற்க முடியாத பாத்திரக் கடையை யார் வைத்திருப்பார்கள்? காலி செய்தால் யார் வாங்குவார்கள்? போன மாசிக்கும் அதற்கு முந்தைய ஐப்பசிக்கும் தில்லைநாதன், "கடையைக் குடுக்கிற எண்ணம் உண்டா" என்று சிரித்துக்கொண்டே கேட்டது ஞாபகம் வந்தது. அன்று இரவு ஞானாம்பாளிடம் சொன்னார். "ஒங்களுக்குக் கொசு கடிச்சாலும் அது யாரு அனுப்புன கொசுன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ரிப்பன் வெட்டினார்கள். கைதட்டினார்கள். லட்டு தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. வைத்திலிங்கத்துக்கு இனிதான் வேலை. மறுநாள் கம்மாபுரத்தில் ராமாமிர்தத்தின் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. இதே ஷாமியானாவைத்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். முகூர்த்த நாள் என்பதால் ஊரில் மற்ற ஷாமியானாக்களை எல்லாம் ஏற்கெனவே எங்கெங்கோ கட்டியாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒரு கல்யாண வீட்டையும் வெயிலில் நிற்கவைத்தவர் அல்ல அவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குத் தன்மீது சந்தேகம் வந்ததில்லை.

பதினொன்றரைக்கு மைத்துனன் இளவரசு குட்டியானை சரக்கு வண்டியைக் கொண்டுவந்து ஷாமியானாவை ஒட்டி நிறுத்தினான். விசில் பறந்தது. மஞ்சள் சட்டையில் 'பாதைக் காவலர்' என்று எழுதியிருந்த செம்பியன் ஓடிவந்தான்.

"வண்டி நிக்கக் கூடாதுண்ணே."

"ஷாமியானாவைக் கழட்டி ஏத்தணும்பா. அதுக்குத்தான் நிக்குது."

"பஸ்ஸு மட்டும்தான் நிக்கலாம்."

"அப்ப இந்த ஷாமியானா நிக்குதே, அது பஸ்ஸா?" என்றான் இளவரசு.

செம்பியன் மேலே பார்த்தான். கையிலிருந்த உத்தரவைப் பார்த்தான். "இதுல வண்டின்னுதான் போட்டிருக்கு. ஷாமியானான்னு போடல."

தில்லைநாதனுக்கு போன் போட்டார்கள். விதி என்றால் விதிதான், முதல் நாளே தளர்த்தினால் உலகம் என்ன சொல்லும் என்று கேட்டார். மனுக் கொடுத்தால் திங்கட்கிழமை குழு கூடும் என்றார். திங்கட்கிழமைக்குள் ராமாமிர்தத்தின் மகள் மறுவீடே போய் வந்துவிடுவாள்.

"மாமா, அடுத்த தெருவுல வண்டிய நிறுத்திட்டுத் தூக்கிட்டுப் போயிடலாமா?"

"பெரிய தெருவெல்லாம் இன்னிக்கு முழுக்க அவங்க குழுவோட ஊர்வலம். சந்துல வண்டி நுழையாது. எல்லாம் பாத்துத்தான்டா வச்சிருக்கானுவோ."

ஒன்றே முக்கால் பேருந்து வந்தது. தனக்கென்று ஒதுக்கிய பாதையில் ஷாமியானா நிற்பதைக் கண்டு ஆரன் அடித்துப் பார்த்தது. பிறகு வலப்பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டது. அதன் பின்பலகையில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை வைத்திலிங்கம் இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்றுதான் படித்தார். சிதம்பரம் – சேத்தியாத்தோப்பு – கம்மாபுரம்.

ஐந்தே காலுக்கு அதே ஊருக்குப் போகும் அடுத்த பேருந்துக்கு அவர் மஞ்சள் கோட்டின் நடுவில் நின்று கைகாட்டினார்.

கண்டக்டர் அருண்குமார் படியிலிருந்து குனிந்தான். "இன்னாண்ணே, எத்தினி பேரு?"

"நான் ஒருத்தன். கூட ஒரு ஷாமியானா."

"வெளையாடாதீங்க."

"லக்கேஜ் போட்டுக்கப்பா. கம்பம் வேணாம், அங்க சவுக்குக் கழி கிடைக்கும். துணி மட்டும்தான். பஸ்ஸு இங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம். இருவத்திநாலு மணி நேரமும் நிக்கலாம். சட்டமே போட்டிருக்காங்க, இவரைக் கேளு."

செம்பியன் உத்தரவை மறுபடி படித்தான். தலையாட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "கம்மாபுரத்துல யாரு வூட்டுக்கு?"

"ராமாமிர்தம் வூட்டுக்கு."

"அட, நானும் அங்கதான் போறேன்! எறங்குங்கய்யா, சும்மா குந்திக்கினு இருக்கீங்க."

பேருந்தில் பாதிப் பேர் கம்மாபுரத்துக்காரர்கள். இறங்கினார்கள். ஆளுக்கொரு கயிறு. "அந்தப் பக்கம் விடுய்யா!" "என் தலைமேல போட்டுட்டியே மச்சான்!" என்று கத்திக்கொண்டே சிவப்பும் மஞ்சளுமான அந்தத் துணியை இறக்கி, மடித்து, இரண்டு மூட்டையாகக் கட்டிப் பின்சீட்டுக்குக் கீழே திணித்தார்கள். பதினெட்டு நிமிடம் ஆனது.

அதற்குள் தில்லைநாதன் சால்வையோடு வந்துவிட்டார். தடுக்கப்போகிறார் என்று வைத்திலிங்கம் பல்லைக் கடித்தார். அவர் தடுக்கவில்லை. பேருந்து நிற்பதையும் மக்கள் ஏறி இறங்குவதையும் நான்கு கோணத்தில் படமெடுத்தார். "பாத்தீங்களா? முதல் நாளே என்ன கூட்டம்!" என்று வைத்திலிங்கத்தின் தோளைத் தட்டிவிட்டு, அப்படியே தலையைத் திருப்பி, கடையின் முகப்பை இடமிருந்து வலமாக ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

பேருந்து புறப்பட்டது. படியில் நின்றபடி வைத்திலிங்கம் திரும்பிப் பார்த்தார். துணி இல்லாத பதினாறு கம்பங்கள் மஞ்சள் கோட்டுக்குள் இரண்டு வரிசையாக நின்றன. நடுவில் செம்பியன் விசிலை வாயில் வைத்தபடி அவற்றுக்குக் காவல் இருந்தான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கம்பங்களை எடுத்துப்போக வண்டி நிறுத்த அனுமதி கேட்ட மனு குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. பேருந்துகள் நான்கும் வலப்பக்கமாகப் போகின்றன.