மலை மாளிகைக் கிணறு

மலேசியாவில் கோலா பிலாவைத் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்கு மேலே நிற்கிறது அந்த மலை மாளிகை. வெக்கை தாங்காத மாதங்களில் அரச குடும்பம் வந்து தங்கிய இடம், இப்போது மியூசியம். அரசர் படுத்த கட்டிலுக்குக் கண்ணாடிக் கூண்டு, அரசி போட்ட செருப்புக்கும் கண்ணாடிக் கூண்டு. அதையெல்லாம் துடைத்தவள் பெயரை எழுதத்தான் ஒரு சுவர் கிடைக்கவில்லை, போங்கள்!

அங்கே கூட்டித் துடைக்க அன்றுதான் சேர்ந்திருந்தாள் தாயம்மா. அறுபத்திரண்டு வயது. வேறெங்காவது வேலை கிடைத்திருந்தால் அந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டாள்.

அவள் அம்மா மயிலம்மாள் மாளிகையைக் கழுவப் போன ஒரு மாலையில்தான் பின்புறத்துப் பாழுங்கிணற்றில் விழுந்தாள். தாயம்மாவுக்கு அப்போது பத்து வயது. சில ராத்திரி அம்மா அங்கேயே தங்கிவிடுவது உண்டு என்பதால் பயப்படவில்லை. தினமும் விடிவதற்குமுன் பெரட்டு; கணக்கெழுதும் கிராணி விளக்கோடு நின்று பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பார். கூலி போய்விடக் கூடாதென்று வராதவளுக்கு வந்தவள் குரல் கொடுப்பது தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். மறுநாள் கிராணி "மயிலம்மா!" என்றதும், பெண்களுக்குப் பின்னால் இருட்டில் நின்று, "இருக்கேங்க" என்றாள் தாயம்மா. வேலைக்கு வந்துவிட்டவளை யார் தேடுவார்கள்? சாயங்காலம்தான் தேடினார்கள். பிணமாகத்தான் எடுத்தார்கள்.

"விழுந்த ஒடனே உசுரு போயிருக்கும்," என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். ஐம்பத்திரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள், தூங்கினாள். தான் குரல் கொடுத்ததை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று போர்டிக்சனிலிருந்து ஒரு தமிழ்க் கூட்டம் சுற்றிப் பார்க்க வந்திருந்தது. வழிகாட்டிப் பெண் மாதவி அவர்களைப் பின்கட்டுக்குக் கூட்டிவந்து, இரும்பு வலை போட்ட கிணற்றைக் காட்டினாள். தாயம்மா துடைப்பத்தோடு ஒதுங்கி நின்றாள்.

"இங்க பேய் இருக்கு லா," என்றாள் மாதவி. "அந்தக் காலத்துல ஒருநாள், விடிஞ்சதுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் கெணத்துக்குள்ள ஒரு பொம்பளக் குரலு. காவல்காரரு பயந்து ஓடினவருதான், வேலைக்கே திரும்பல. அது கூப்பிட்ட பேரையே அதுக்கு வச்சிட்டாங்க. தாயம்மா பேய்!"

கூட்டம் சிரித்தது.

ஐயோ, மத்தியானம் வரைக்குமா! தாயம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.

"பேய் இல்லம்மா, அது எங்கம்மா! உசுரோட இருந்திருக்கு, என்னத்தான் கூப்பிட்டிருக்கு. பெரட்டுல நாந்தான் அவ வந்துட்டான்னு குரல் குடுத்தேன். நாந்தான் தேட விடாம பண்ணிட்டேன்!"

நடிப்பென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மாதவி மட்டும் கைதட்டாமல், தாயம்மாவின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை மறுபடி மறுபடி படித்தாள்.