காப்புக் கட்டிய கம்ப்யூட்டர்

“சும்மாவா குடுக்கிறாங்க?” என்று கேட்டார் இராமையா.

“சும்மாதான் மாமா. யாரு வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம்,” என்றாள் கிருஷாந்தி.

“அப்படின்னா அதுல என்னமோ இருக்கு. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் சும்மா பிஸ்கட்டு குடுத்தா திம்பியா நீ?”

“பசிச்சா திம்பேன்,” என்றாள் கோயிலில் சாமியாடும் பேச்சியம்மா. அவளை யாரும் கேட்கவில்லை.

லிந்துலைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கீழ்ப்பிரிவு மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் திருவிழாக் கமிட்டி கூடியிருந்தது. கிழிந்த தேர்க்குடைக்கும் நசுங்கிய அண்டாவுக்கும் நடுவே, மேசை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். இந்த வருடம் கோயிலுக்கென்று சொந்தமாக ஒரு வெப்சைட். கொழும்புக்கும் டோஹாவுக்கும் போய்விட்ட தோட்டத்துப் பிள்ளைகள் அதில் வேண்டுதல் எழுதி அனுப்பினால் பூசாரி அர்ச்சனை செய்வார். தேர் எந்த லயத்து வீட்டு வரிசையின் வாசலில் நிற்கிறது என்றும் படத்தோடு பார்த்துக்கொள்ளலாம்.

வெப்சைட்டை வெளியே ஏதாவது கம்பெனியிடம் வாடகைக்கு வைத்துவிடலாம் என்று கிருஷாந்தி சொல்லிப் பார்த்தாள். “நம்ம ஆத்தாவ ஊரான் வூட்டுல குடிவைக்கிறதா?” என்று தலைவர் இராமையா அந்தப் பேச்சை முடித்துவிட்டார். ஆகவே வெப்சைட்டைத் தாங்கும் கம்ப்யூட்டர், அதாவது வெப் சர்வர், இந்தச் சாமான் அறையிலேயே இருக்கும். அதற்குள் எதை ஓடவிடுவது, காசு கொடுத்து வாங்கும் விண்டோஸா, சும்மா கிடைக்கும் லினக்ஸா என்பதுதான் இப்போது வழக்கு.

“விண்டோஸே போடுங்க மச்சான்,” என்றான் யோகேஸ்வரன். அவன் இராமையாவின் மனைவிக்குத் தம்பி. தலவாக்கலையில் கம்ப்யூட்டர் விற்கிறான், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறான். இந்தக் கம்ப்யூட்டரும் அவன் கடையிலிருந்து வந்ததுதான்.

“அண்ணே, பெட்டி பழசு. நல்ல பெட்டியா இருந்தா விண்டோஸ் நல்லாதான் ஓடும். இதுக்கு அது பாரம். லினக்ஸ்னா லேசா கெடக்கும், சொல்லாம நிக்காது,” என்றாள் கிருஷாந்தி.

“ஓசியில வர்றத ஆத்தாவுக்குப் படைக்க முடியாது,” என்றார் இராமையா அவளிடம். “விண்டோஸ்தான். இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன். திருவிழா முடியிற வரைக்கும் இது நிக்காம ஓடுனா, நீ கேட்ட மாதிரி இந்த ரூம் ஒனக்கு. ஒரு தடவ நின்னாலும் ரூம் மச்சானோட ஸ்பீக்கர் பெட்டிக்கு.”

யோகேஸ்வரன் அண்டாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று அப்போதே மனதுக்குள் அளந்துவிட்டான்.

கிருஷாந்தி சிரிக்கவில்லை. ஹட்டனில் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, லயத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கே? வீட்டுக் கட்டிலின் மேல். லயத்தில் ஒரு வீடென்றால் ஒரே ஒரு காம்பரா, அந்த ஓர் அறையில் ஏழு பேர். அப்பாவின் குறட்டை ஒரு பக்கம், தங்கச்சியின் டிவி ஒரு பக்கம். போன வாரம் அம்மா, படித்துக்கொண்டிருந்த பையனையும் சேர்த்துப் போர்வையை மடித்துவிட்டாள். இந்தச் சாமான் அறைக்குக் கதவு இருந்தது. கதவுள்ள ஓர் அறை. அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

மறுநாள் காப்புக் கட்டு. பூசாரி செல்லசாமி தீச்சட்டி எடுப்பவர்களுக்கும் பால்குடக்காரர்களுக்கும் மஞ்சள் கயிறு கட்டி முடித்தார்.

“பூசாரி, திருவிழாவுல வேல செய்யிற எல்லாருக்கும்தானே காப்பு?” என்றார் இராமையா. “அந்தப் பெட்டிக்கும் ஒண்ணு கட்டிவிடுங்க.”

“கை எங்கங்க இருக்கு அதுக்கு?”

“வயர் இருக்குல்ல.”

செல்லசாமி யோசித்துவிட்டு வயரில் கட்டினார். சந்தனம் வைத்தார். விபூதியை அள்ளிக் காற்றுப் போகும் ஓட்டைகளில் பூசப் போனவரின் கையைக் கிருஷாந்தி பிடித்துக்கொண்டாள். “நெத்திக்கு மட்டும் போதும் ஐயா.”

“எது நெத்தி?”

அவள் ஒரு மூலையைக் காட்டினாள்.

“காப்புக் கட்டியாச்சு,” என்று செல்லசாமி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “இனி தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது. இருக்கிறது இருக்கிறபடி. கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது.”

அன்று பொழுது சாயும்போது, டோஹாவிலிருந்து வேண்டுதல்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில், திரை நீலமாகிவிட்டது. புதுப்பிக்கிறேன், அணைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு பெட்டி உட்கார்ந்துவிட்டது. யோகேஸ்வரன் விண்டோஸ் போட்டபோது, அது எந்த நேரத்தில் தன்னைப் புதுப்பிக்கலாம் என்று குறிக்காமல் விட்டிருந்தான். பெட்டியும் பழசு. தேங்காய் உடைத்து, தீபாராதனை முடிந்து, சுண்டலும் தீர்ந்துபோனது. அது எழுந்திருக்கவில்லை.

“நின்னுருச்சு,” என்றான் யோகேஸ்வரன். அவன் முகத்தில் துக்கம் இல்லை.

“என்னாடி இது?” என்றார் இராமையா. “டோஹாவுலருந்து மருமகன் போன் எடுத்துக் கேக்குறான், கோயில சாத்திட்டாங்களான்னு.”

“ஏங்க தலைவரே,” என்றாள் பேச்சியம்மா. “ஆத்தா இன்னும் தேர்ல ஏறவே இல்ல. நீங்க சொன்னது திருவிழாவுல நின்னாத்தானே? காப்பன்னைக்கு நிக்கிறதெல்லாம் கணக்கா? போன வருசம் காப்பன்னைக்கு நீங்ககூடத்தான் நிக்க முடியாம கெடந்தீங்க.”

இராமையா இருமினார். “சரி, இது கணக்கில்ல. தேரன்னைக்கு நின்னா அவ்வளவுதான்.”

“தேரன்னைக்கும் இப்படித்தான் நிக்கும் மாமா. லினக்ஸ மாத்திப் போட்டுர்றேனே.”

“காப்புக் கட்டுனத எப்படி மாத்துவ?”

“அப்ப யோகேஸ் அண்ணன் நேரத்தயாவது குறிச்சுக் குடுக்கட்டும்.”

“கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது,” என்றான் யோகேஸ்வரன், பூசாரியின் குரலிலேயே.

கிருஷாந்தி கதவில் சாய்ந்து நின்றாள். தன்னுடையதாகப் போகிற கதவு. அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை. பேச்சியம்மாவின் கையில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

“அத்தை, போன வருசம் தேரன்னைக்கு ஒங்க மேல யாரு வந்தா?”

“ஆத்தா.”

“கெடா வெட்டன்னைக்கு?”

“கருப்பன். சுருட்டு கேட்டு, தலைவரு பையிலருந்தே எடுத்துட்டானே.”

“ரெண்டு நாளும் கையில இருந்தது ஒரே காப்புதானே? சாமி மாறுனதுன்னு காப்ப மாத்துனீங்களா?”

“காப்ப எதுக்குடி மாத்தணும்? ஒடம்பு என்னுதுதானே.”

“அதேதான் அத்தை. இந்தப் பெட்டி ஒடம்பு. விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் அதுல எறங்குற சாமி. ஒடம்புக்குக் கட்டுன காப்ப நான் தொடவே மாட்டேன்.”

எல்லோரும் செல்லசாமியைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

“சரிதானுங்க,” என்றார் கடைசியில். “ஆனா இருக்கிறத மொறையா மலையேத்தி அனுப்பணும். சும்மா வெரட்டக் கூடாது.”

“அது நான் காசு குடுத்து வாங்கிப் போட்ட விண்டோஸ்,” என்றான் யோகேஸ்வரன்.

“அதனாலதான் மரியாதையா அனுப்புறோம் தம்பி,” என்றார் செல்லசாமி.

எலுமிச்சம்பழம் வந்தது. கற்பூரம் ஏற்றிக் காட்டி, “வந்த வழி நல்லபடியா போயிரு சாமி,” என்று செல்லசாமி வேண்டிக்கொள்ள, கிருஷாந்தி லினக்ஸ் இருந்த பென்டிரைவைச் செருகினாள். நீலம் போய்த் திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று மேலே ஓடின.

பேச்சியம்மா கைகூப்பினாள். “கருப்பனேதான். நெறத்தப் பாரு.”

செல்லசாமி வழக்கம்போல் குரலை உயர்த்தி, “யாரு வந்திருக்கே? பேரச் சொல்லு,” என்றார்.

“ஐயா, அது நம்மகிட்ட பேரு கேக்குது,” என்றாள் கிருஷாந்தி. “இந்த மெஷினுக்கு ஒரு பேரு வைக்கணுமாம்.”

“என்னா பழக்கம் இது. நாமதானே கேக்கணும்?”

“பதில் சொல்லாட்டி மேல போகாதுங்க.”

கமிட்டி கூடிப் பேசி, மாரி என்று வைத்தார்கள். யோகேஸ்வரன் மட்டும் கை தூக்கவில்லை.

தேரன்று மழை ஊற்றியது. தேர் சேற்றில் புதைந்தது, கொழுந்து லொறியில் கயிறு கட்டி இழுத்தார்கள். மேளக்காரர் வழுக்கி விழுந்தார். ஸ்பீக்கருக்குள் தண்ணீர் புகுந்து யோகேஸ்வரனின் பாட்டு முக்கலும் முனகலுமாக வந்தது. நிற்காமல் ஓடியது மாரி ஒன்றுதான். மேல் லயம், பள்ளிக்கூடத்து வளைவு, பங்களாச் சந்தி என்று தேர் நின்ற இடமெல்லாம் படமாகப் போயிற்று. இராமையாவின் மருமகன் டோஹாவிலிருந்து, “மாமா, ஒங்க வேட்டி அவுரப் போகுது, பாருங்க,” என்று போன் எடுத்துச் சொன்னார். உண்மைதான், அவிழத்தான் இருந்தது. வெப்சைட்டால் முதல் பலனைக் கண்டவர் தலைவரே.

மறுநாள் மஞ்சள் நீராட்டு. காப்புக் கட்டியவர்கள் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காப்பை அவிழ்த்துவிட்டால் திருவிழா முடிந்தது. கிருஷாந்தி அறைச் சாவி வாங்க வந்துகொண்டிருந்தாள். எதிரே பேச்சியம்மா நிறைகுடத்தோடு சாமான் அறைக்குள் நுழைந்தாள்.

“அத்தை, எங்க போறீங்க?”

“எல்லாருக்கும் ஊத்தியாச்சு. மாரிதான் பாக்கி.”

கிருஷாந்தி ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். “தண்ணி பட்டா செத்துப்போயிரும் அத்தை.”

“ஊத்தாட்டி காப்ப அவுக்க முடியாது. காப்ப அவுக்காட்டி திருவிழா முடியல,” என்றான் பின்னாலேயே வந்த யோகேஸ்வரன். “ஊத்துனா நின்னுரும். நின்னா ரூம் யாருக்கு மச்சான்?”

இராமையா தாடையைச் சொறிந்தார். சொன்ன சொல் சொன்னதுதான்.

“ஐயா,” என்றாள் கிருஷாந்தி, பெட்டியை விடாமல். “காய்ச்சல்காரங்க காப்புக் கட்டியிருந்தா என்னா செய்வீங்க? தலையிலயா ஊத்துவீங்க?”

“ஊத்த மாட்டோம். தாய்மாமன நிப்பாட்டி அவரு தலையில ஊத்துவோம். போன வருசங்கூட செஞ்சோமே,” என்றார் செல்லசாமி.

“மாரிக்கு யாருங்க தாய்மாமன்?”

“பெட்டிக்கு எங்கடி தாய்மாமன்?” என்று யோகேஸ்வரன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான்.

“அது பொறந்து வளந்ததெல்லாம் யாரு கடையில?” என்றாள் பேச்சியம்மா.

எல்லோரும் யோகேஸ்வரன் பக்கம் திரும்பினார்கள். அவன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். புதுசு.

“மச்சான், சொல்லுங்க மச்சான்,” என்று அவன் இராமையாவுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

“மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல மச்சான்,” என்று இராமையா விலகிக்கொண்டார்.

குடம் யோகேஸ்வரன் தலையில் கவிழ்ந்தது. செல்லசாமி வயரிலிருந்து காப்பை அவிழ்த்தார். பெட்டியின் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. இராமையா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கிருஷாந்தியின் கையில் வைத்தார்.

“ஒரு விசயம். காப்புக் கட்டுன எடம் இது. செருப்பு வெளியதான். கறி தின்னுட்டு யாரும் கிளாசுக்கு வரக் கூடாது.”

“கருவாடு மாமா?”

“அத கமிட்டியில பேசுவோம்.”

அடுத்த வாரம் அந்த அறையில் முதல் வகுப்பு. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடந்துகொண்டிருந்தபோது யாரோ தட்டினார்கள். யோகேஸ்வரன் நின்றான், காதோரம் இன்னும் மஞ்சள் போகாமல். கையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, இரண்டு கீபோர்ட், ஒரு மவுஸ்.

“என்னாண்ணே இது?”

“அக்கா விட மாட்டேங்குது,” என்றான் அவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே. “தாய்மாமன்னு தண்ணி வாங்கிக்கிட்டு, சீரு செய்யாம இருந்தா தோட்டம் சிரிக்குமாம். புடி.”